குறையுது, விடு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பணம் கட்டியது நாங்கள். அதை ஆண்டது அவர். நான் வணிகவியல் கற்பித்த கல்லூரியிலேயே இயற்பியல் கற்பித்தவர், பக்கத்து வீட்டுக்காரர், என்னைவிடப் பத்து பன்னிரண்டு வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்கள் என்று தெரிந்தாலே வியர்த்துப்போகிற ஆள் அவர். இன்று அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், வாசலில் வேறு யாருடைய வண்டியோ நிற்கிறது.

அவர் வீட்டு ஃபிரிட்ஜ் பழசு. மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போது ஓர் உதறு உதறும். அந்த உதறல் அவருடைய சோதனைக்கு ஆகாது. அதனால் வருடத்தில் ஒருநாள், மாணவிகளுக்குச் செய்துகாட்ட வேண்டிய நாளில், விடிந்தும் விடியாததுமாக சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்களை அணைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஃப்ரீஸரில் அவற்றைப் படுக்க வைத்துவிட்டு, எதிரில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். அதன்பின் பால் எடுக்கக்கூட யாரும் கதவைத் திறக்கக் கூடாது. என் கணவர் வரக்காபியைக் குடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

நேரம் வந்ததும் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு எங்கள் காரில் ஏறுவார். பச்சை உடம்புக்காரியைக் கூட்டிப்போவதுபோல ஓட்டச் சொல்வார். எங்கள் வீடு இருந்த பன்னிமண்டபத்திலிருந்து கல்லூரிவரை எத்தனை வேகத்தடை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். ஒருமுறை என் கணவர் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கிவிட்டார். பெட்டிக்குள் ஒரு பாட்டில் கழுத்திலிருந்து அடிவரை கண்ணெதிரே வெளுத்து, கல்லாகிப்போனது. அக்கா திட்டவில்லை. “ஒண்ணு போச்சு” என்றார், அவ்வளவுதான். ஆனால் இழவுச் செய்தி சொல்கிற குரலில் சொன்னார். என் கணவர் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

வகுப்பில் அதையேதான் செய்துகாட்டுவார். பாட்டிலில் இருப்பது பார்வைக்குச் சாதாரணத் தண்ணீர். ஒரு மாணவியைக் கூப்பிட்டு அதை மேசையில் லேசாக இடிக்கச் சொல்வார். இடித்ததும் தண்ணீர் பனிக்கட்டியாகும். பிள்ளைகள் கத்துவார்கள். எனக்கு அது வித்தை மாதிரிதான் இருந்தது. விவரம் கேட்டபோது என் பாடத்தின் வழியிலேயே விளக்கினார்.

“உனக்கு வரவு செலவுல சொல்றேன். அந்தத் தண்ணி பூஜ்யத்துக்கும் கீழ குளிர்ந்துருச்சு. உறைஞ்சாத்தான் அதுக்கு நிம்மதி. ஆனா முதல்ல ஒரு துணுக்கு உண்டாகணும். துணுக்கு சின்னதா இருக்கறப்ப தோல் ஜாஸ்தி, வயிறு கம்மி. தோல்தான் செலவு, வயிறுதான் வரவு. செலவு ஜாஸ்தியான கடை என்னாகும்? மூடிருவாங்க. அந்த மாதிரி அது கரைஞ்சு போயிரும். இன்னொண்ணு உண்டாகும், அதுவும் கரையும். ஏதோ ஒண்ணு மட்டும் ஒரு அளவைத் தாண்டிருச்சுன்னா அப்புறம் வரவுதான், யாராலயும் நிறுத்த முடியாது. அஷ்டே.”

அவ்வளவுதான் என்பதற்கு எப்போதும் கன்னடத்தில் ‘அஷ்டே’ என்றுதான் சொல்வார். ஆவி குளிர்ந்து துளியாகிறதும் இதே கதைதான் என்றார். தன் டாக்டர் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்ததும் அதைத்தான். கம்ப்யூட்டர் திரையில் துளிகளைப் பிறக்கவிட்டு, எது பிழைக்கும் எது கரையும் என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாராம். நாமெல்லாம் சீரியல் பார்க்கிற நேரத்தில் அவர் பார்த்தது அது.

இந்தப் பாடத்தைக் கல்லூரியோடு விட்டிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் அதை வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டுவந்தார். மனுஷர்களுக்குள் வருகிற மனஸ்தாபத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். சின்னதாக இருக்கும்போது யாரும் எதையும் சேர்க்காமல் விட்டால் தானே கரைந்துபோகும். பதில் சொன்னால், விளக்கம் கொடுத்தால், சமாதானம் பேசப்போனால்கூட அளவு கூடும். கூடி, தாண்டிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை.

நானோ கொள்ளேகாலத்துக்காரி. சண்டை என்றால் எனக்குச் சாப்பாடு இரண்டாம்பட்சம். எங்கள் ஆசிரியர் அறையில் ஒருமுறை மின்விசிறியை வைத்துப் பெரிய ரகளை வந்தது. கன்னட ஆசிரியைக்குக் காற்று வேண்டும், அவருக்குப் பக்கத்தில் உட்காரும் கணித ஆசிரியைக்குச் சைனஸ். ஒருவர் போடுவார், மற்றவர் அணைப்பார். இரண்டு கட்சிகள் உண்டாகி, நான் காற்றுக்கட்சியின் பேச்சாளராகி, முதல்வரிடம் போவதற்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தேன். அக்காவோ தன் நாற்காலியை இழுத்துவந்து அந்த இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்தினார். அவரிடம் இந்தப் பக்கம் சொன்னது அந்தப் பக்கம் போகவில்லை. யார் புலம்பினாலும் “ம்” என்பார். கொஞ்ச நாளில் கணித ஆசிரியை ஒரு மப்ளரோடு வர ஆரம்பித்தார், கன்னட ஆசிரியை விசிறியின் வேகத்தைத் தானே குறைத்தார். பிறகு இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். தயாரித்து வைத்த பேச்செல்லாம் வீணானதில் எனக்குத்தான் வருத்தம். “பாத்தியா, கரைஞ்சிருச்சு” என்று அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், அதை மறைக்க உதட்டை மடிப்பார். அவருடைய தங்கைக்கும் அதே இடைவெளி, அதே மடிப்பு.

தங்கை நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவனும் ஒரு மகனும் உண்டு. இவர்களுடைய அம்மா தங்கை வீட்டில்தான் இருந்தார். அக்கா ஞாயிறு தோறும் சர்ச்சில் தமிழ் ஆராதனை முடிந்ததும் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்புவார். ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்குச் சளி கட்டி, அது நெஞ்சுக்குள் இறங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் கைமீறிவிட்டது. அடக்கம் முடிந்து எல்லோரும் தங்கை வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. காபி கொண்டுவந்த தங்கையை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “நர்ஸா இருந்துட்டு இதைக் கவனிக்காம விட்டுட்டியே.”

கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பில் வாயிலிருந்து விழுந்த வார்த்தை. தங்கை டம்ளரை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கப் போனார். அன்றிலிருந்து அக்காவிடம் பேசவில்லை. மூன்று வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டி, துடைத்து, இரவெல்லாம் எழுந்து பார்த்தவர் அவர். ஊர் முன்னால் அந்த ஒரு வரியைக் கேட்டால் யாருக்குத்தான் தாங்கும்.

வீடு திரும்பும்போதே நான் சொன்னேன்: “போயி ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்துருங்கக்கா. வாய் தவறிருச்சுன்னு சொன்னாத் தீர்ந்துது.”

அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். “ரொம்பச் சின்னது. இப்ப நான் போய்ப் பேசினா அவ ஒண்ணு சொல்லுவா, நான் ஒண்ணு சொல்லுவேன், வளந்துரும். தானே கரையும், விடு.”

சொன்னவர் சோம்பேறியோ திமிர் பிடித்தவரோ அல்ல, அதுதான் வேதனை. தங்கைமேல் அவருக்கு உயிர். அவளை இழந்துவிடக் கூடாது என்கிற பயத்தில்தான் ஆட்டாமல் அசைக்காமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோனது. ஒரே கோயிலில், அக்கா இடதுபக்கம் உட்கார்ந்தால் தங்கை குடும்பம் வலதுபக்கம் உட்கார்ந்தது. திரும்பி வந்து எனக்கு அறிக்கை தருவார். ஒருநாள் வெளியே மழை பிடித்துக்கொண்டதாம், தங்கை ஒன்றும் பேசாமல் குடையை அக்காவின் தலைக்கும் சேர்த்துப் பிடித்து பஸ் நிறுத்தம்வரை வந்தாளாம். “நீங்க என்ன பண்ணினீங்க?” என்றேன். “நான் ஒண்ணும் பண்ணலையே. குறையுது, விடு.” இன்னொரு நாள் அவருடைய பிறந்தநாள். போன் ஒருமுறை அடித்து நின்றது. தங்கையின் எண். நான் பக்கத்தில்தான் இருந்தேன், திருப்பிக் கூப்பிடச் சொன்னேன். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “தானா கூப்பிட ஆரம்பிச்சிட்டா பாரு. இப்ப நான் அவசரப்பட்டேன்னா கெட்டுரும்.” போனை மெதுவாக மேசையில் வைத்தார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத் தங்கையின் கணவர் ஒரு தட்டோடு வந்தார். கிறிஸ்துமஸ் காலையில் தட்டுகள் வீடு வீடாகப் போவது இங்கே வழக்கம். சுருள் சுருளாகப் பொரித்த கல்கல், அச்சு முறுக்கு, ஒரு துண்டு கேக், மேலே ஒரு வெள்ளைத் துணி. வாங்கியவர்கள் தட்டைக் கழுவி, கொஞ்சம் சர்க்கரையோ பழமோ வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். வெறும் தட்டு திரும்பக் கூடாது. எனக்கும் வருஷா வருஷம் அக்காவிடமிருந்து தட்டு வரும், நானும் சர்க்கரை போட்டுத்தான் கொடுப்பேன். அன்றைக்கு வந்தது அவர்கள் அம்மாவின் தட்டு. விளிம்பில் அம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. கல்கல்லும் அம்மாவின் கைப்பக்குவம், தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்தது.

அக்கா அந்தக் கல்கல்லைப் பொங்கல்வரை வைத்துத் தின்றார். தட்டைக் கழுவித் துடைத்து அலமாரியில் நிறுத்தினார். அதைத் திருப்பி அனுப்பவில்லை.

நான் விடவில்லை. “நீங்களே எடுத்துட்டுப் போயிக் குடுங்கக்கா. கதவைத் தட்டினா உள்ள கூப்பிடாமயா இருப்பாங்க?”

“சர்க்கரை வெச்சா, கடமைக்குக் குடுத்தேன்னு நெனப்பா. வேற ஏதாச்சும் வெச்சா, அதுக்கு ஒரு அர்த்தம் வரும். வேண்டாம். அம்மா தட்டு இங்க இருந்தா, அதைக் கேட்டாவது ஒருநாள் வருவா இல்ல?”

அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கல்கல் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் வந்தது. மாப்பிள்ளை வாசலிலேயே கொடுத்துவிட்டு, டப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அதிலும் மகிழ்ச்சிதான். பார், சம்பிரதாயமெல்லாம் போய்ச் சகஜமாகிவிட்டாள் என்றார். திருப்பித் தர வேண்டாத டப்பாவில் கொடுப்பது சகஜமா? அவரிடம் அப்படியே கேட்டேன், சத்தம் போட்டே கேட்டேன். பாட்டிலை ஒரு இடி இடித்தால் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்தானே நீங்கள் என்றேன். “இடிச்சா எது உறையும்னு எனக்குத் தெரியும். அதான் பயம்” என்றார். அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்கு எதுவும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்றார் அக்கா. கோயிலில் தங்கை குடும்பம் காலை ஆராதனையிலிருந்து மாலை ஆராதனைக்கு மாறிக்கொண்டது.

வெயில் காலத்தில் ஒருநாள் தங்கை வேலைக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. செய்தி வந்தபோது அக்கா வகுப்பில் இருந்தார். நானும் என் கணவரும்தான் காரில் கூட்டிப்போனோம். இந்தமுறை வேகத்தடைகளை யாரும் பார்க்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள். கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். அக்கா தங்கையின் காதருகே குனிந்து பேசிக்கொண்டே இருந்தார். அத்தனை வேகமாக, நிறுத்தாமல் அவர் பேசி நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்துக் குலுக்கினார், தோளை அசைத்தார், கன்னத்தைத் தட்டினார். வாழ்நாளெல்லாம் எதையும் அசைக்காதவர், அன்றைக்கு அசைத்து அசைத்துப் பார்த்தார். அங்கிருந்த நர்ஸ்கள் தங்கையோடு வேலை பார்த்தவர்கள். நேரம் முடிந்தும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. தங்கை கண் திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து அதே வீட்டில், அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். இப்போது காபி கொண்டுவர அவர் இல்லை. தங்கையின் கணவர் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாந்தமான மனுஷர், குறை சொல்கிற எண்ணம் அவருக்கு இல்லை. ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் சொன்னார்: “அம்மா தட்டு வந்துதா, அக்கா வந்தாங்களான்னு டியூட்டி முடிஞ்சு வந்ததும் கேப்பா. அந்தக் கிறிஸ்துமஸ் முடிஞ்சு ரொம்ப நாள் கேட்டா. அப்புறம் கேக்கறதை விட்டுட்டா.”

அக்கா அங்கே அழவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, வழக்கமாக உட்காரும் ஸ்டூலில், ஃபிரிட்ஜுக்கு எதிரில் உட்கார்ந்தார். அங்கிருந்தபடியே என்னிடம் சொன்னார்.

“எது தண்ணி, எது ஐஸுன்னு மாத்திப் பாத்துட்டேன். சண்டைதான் ஐஸு, ஆட்டாம இருந்தா உண்டாகாதுன்னு நெனச்சேன். பேசாம இருந்தோமே, அதுதான் தண்ணி. சேர்றதுதான் உறையறது. அவ ஒவ்வொரு தடவையும் ஒரு துணுக்கு அனுப்பினா. குடை, போன், கல்கல். நான் எதையும் சேக்கல. எல்லாம் கரைஞ்சு போச்சு.”

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான். அன்றைக்கு எழுந்து போய்க் காபி போட்டேன், அதில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் அதை அப்படியே குடித்தார்.

அந்த வருஷம் அவர் மாணவிகளுக்குப் பாட்டில் சோதனையைச் செய்துகாட்டவில்லை. என் கணவர் தானாகவே கேட்டுப் பார்த்தார், கார் தயார் என்றுகூடச் சொன்னார். புத்தகத்தில் படம் இருக்கிறது, போதும் என்றுவிட்டார்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். சமையலறை மேடையில் மைதா, தேங்காய்ப்பால், புதிதாக வாங்கிய ஒரு சீப்பு. கல்கல் மாவைச் சீப்பில் வைத்து அழுத்திச் சுருட்டினால்தான் கோடு கோடாக வரும். அக்காவுக்குச் சுருட்ட வரவில்லை, எனக்கும் வரவில்லை. பாதி கல்கல் எண்ணெயில் விரிந்து சப்பையாகிவிட்டது. நல்லதாகப் பொறுக்கி அம்மாவின் தட்டில் அடுக்கினார். கிறிஸ்துமஸ் காலையில் வெள்ளைத் துணியால் மூடி, ஆட்டோ பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார்.

ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டார். வீடு பூட்டியிருந்ததாம். மாப்பிள்ளை மகனோடு பெங்களூருக்கே போய்விட்டார், வீட்டை வாடகைக்கு விடப்போகிறார் என்று எதிர்வீட்டில் சொன்னார்களாம். அதே தட்டோடு நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துத் துணியை எடுத்தார்.

“சாப்பிடுங்க” என்றார்.

நானும் என் கணவரும் சாப்பிட்டோம். அவரும் எடுத்துக்கொண்டார். தேங்காய்ப்பால் அதிகமாகி நமத்துப்போய்த்தான் இருந்தது. அது தங்கைக்காகச் செய்த பலகாரம் என்று மூன்று பேருக்கும் தெரியும், மூன்று பேரும் அதைச் சொல்லாமல் தின்றோம். ஒன்றைக்கூட மீதி வைக்க மனம் வரவில்லை.

தட்டு காலியானது. நான் எழுந்து அதைக் கழுவித் துடைத்தேன். அதை என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. வழக்கம் வழக்கம்தானே. டப்பாவைத் திறந்து சர்க்கரையை அள்ளி நிறையப் போட்டு, அவர் கையில் கொடுத்தேன். அவர் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து வாங்கிக்கொண்டார். அப்போதுதான் அழுதார். சத்தமில்லாமல், உதட்டை மடித்துக்கொண்டு அழுதார். தட்டை ஏந்தியபடியே படியிறங்கித் தன் வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே போய்ப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். என் கணவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

குளிர்ந்த பாட்டில்களை ஒரு அசைவுகூடத் தெரியாமல் தூக்கிப்போன கை அது. மறுநாள் காலை கோலம் போடக் கதவைத் திறந்தேன். எங்கள் படியிலிருந்து அவர் வாசல்வரைக்கும் எறும்புகள் சாரைசாரையாகப் போய்க்கொண்டிருந்தன.